பஸ்ஸுக்குள் ஒரு வீட்டு ஃப்ரிஜ்

கும்மிடிப்பூண்டியை விட்டு நடந்துகொண்டிருக்கிறேன். தோளில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, வேலைக்குப் போட்டுக்கொள்கிற தோல் கையுறை. கல்கத்தா ரோட்டில் லாரிகள் எளாவூர் செக்போஸ்ட் பக்கம் போய்க்கொண்டே இருக்கின்றன. நான் ரோட்டைக் கடந்து மேற்கே, ஊத்துக்கோட்டை போகிற பாதையில் இறங்கிவிட்டேன். எங்கே போகிறேன்? தெரியாது. அந்த வயதில் எனக்கு அது ஒரு கேள்வியே இல்லை. கால் போதும், ரோடு போதும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்துமூன்று, இருபத்துநாலு இருக்கும்.

இந்த நடை ஏன் இப்போது ஞாபகத்துக்கு வந்தது?

போன வாரம் டீக்கடையில் ஒரு இளைஞர் பிடித்துக்கொண்டார். பழைய வேன் ஒன்றை வாங்கியிருக்கிறாராம். உள்ளே கட்டில், அடுப்பு எல்லாம் வைத்துக் குடும்பத்தோடு ஊர் சுற்றப் போகிறாராம். “சார், நீங்க நாலு ஊர் சுத்துனவராச்சே... வண்டியில சாதாரண வீட்டு ஃப்ரிஜ்ஜையே வெச்சிடலாமா? இல்ல, வண்டிக்குன்னு தனியா விக்கிறாங்களே, அதுதான் வாங்கணுமா?” என்று கேட்டார்.

வைக்கலாம் என்றேன். காலை எப்படித் தரையோடு இறுக்குவது, கதவை எதனால் கட்டுவது, ஓடி நின்ற வண்டியில் எவ்வளவு நேரம் கழித்து ஸ்விட்ச் போடுவது — எல்லாம் சொன்னேன். “சார் மெக்கானிக்கா?” என்றார். இல்லை. ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பார்த்ததில் பாதியைத்தான் அவரிடம் சொன்னேன். பிள்ளைகளோடு ஊர் சுற்றக் கிளம்புகிறவரிடம் மீதியைச் சொல்வது நியாயமில்லை. உங்களிடம் சொல்லலாம். வாரா வாரம் என்னைப் பொறுத்துக்கொள்கிறவர்கள் நீங்கள்.

விநாயகம் மேஸ்திரி என்று ஒருவர். திருவள்ளூர்க்காரர். கும்மிடிப்பூண்டியில் புதிது புதிதாகத் தொழிற்சாலை ஷெட்டுகள் முளைத்துக்கொண்டிருந்த சமயம். அவற்றுக்கு இரும்புத் தூண் நிறுத்தி, உத்தரம் ஏற்றி, கூரைத் தகடு போடுவது அவருடைய காண்ட்ராக்ட். நான் அவரிடம் போல்ட் முடுக்குகிற ஆள்.

மேஸ்திரிக்கு வீடு கிடையாது. ஓடி ஓய்ந்த ரூட் பஸ் ஒன்றை ஏலத்தில் எடுத்து, சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு, அதில் குடியிருந்தார். கூட மனைவி சரோஜா அக்கா. பிள்ளைகள் இல்லை. ஒரு வேலை முடிந்தால் பஸ் அடுத்த ஊருக்குக் கிளம்பும். ‘கை, தலையை வெளியே நீட்டாதீர்கள்’ என்ற எழுத்துக்குக் கீழேதான் அக்கா சமையல் செய்வார். “பத்து வருசமா நீட்டாமதான் கீறேன் தம்பி, ஒரு ஸ்டாப்பிங்கும் வர்ல” என்பார்.

அந்த பஸ்ஸின் பின்பக்கம், படிக்கு எதிரே, வெள்ளையாக ஒரு ஃப்ரிஜ் நின்றது. பணக்கார வீட்டு ஹாலில் நிற்கிற ஃப்ரிஜ். அந்தக் காலத்தில் சுற்றுவட்டாரத்தில் டாக்டர் வீட்டில்கூட அது இல்லை. குடிசைக்கும் பஸ்ஸுக்கும் வித்தியாசம் இல்லாத ஒரு இடத்தில் ஃப்ரிஜ் என்றால்... ஜனங்கள் சும்மா இருப்பார்களா? வேடிக்கை பார்க்க வந்தார்கள். உள்ளே கையை விட்டுவிட்டுக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

ஆடம்பரத்துக்கு வாங்கியதில்லை. அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை வியாதி. தினமும் இன்சுலின் ஊசி. ‘மருந்து ஜில்லுன்னு இருக்கணும், சூடு பட்டா கெட்டுப்போயிடும்’ என்று டாக்டர் சொல்லியிருந்தார். மண்பானையில் மணல் போட்டு, ஈரத்துணி சுற்றி, வருஷக்கணக்காகக் காப்பாற்றிய மருந்து. ஒரு கோடையில் அது கெட்டு, அக்கா படுத்து, பிழைத்து எழுந்த பிறகு மேஸ்திரி இந்த ஃப்ரிஜ்ஜைப் பழசாக வாங்கினார்.

வீட்டு ஃப்ரிஜ்ஜுக்கு ஒரே இடத்தில் நின்றுதான் பழக்கம். குலுங்கினால் கோபித்துக்கொள்ளும். மேஸ்திரி லாரி டயரை வெட்டி அதன் காலுக்கு அடியில் மெத்தை வைத்தார். ஆங்கிள் இரும்பால் நாலு பக்கமும் பிடித்து பஸ் தரையோடு போல்ட் போட்டார். பள்ளத்தில் இறங்கும்போது கதவு திறந்துகொள்ளும் என்று சைக்கிள் டியூபால் இடுப்பில் ஒரு கட்டு. வண்டி நின்றவுடன் ஸ்விட்ச் போட விடமாட்டார். “உள்ள எண்ணெ கலங்கியிருக்கும் நைனா. எறங்கட்டும். நமக்கே பஸ்ஸ விட்டு எறங்குனா தல சுத்துதில்ல?”

ஒரே ஒரு பேஜாருதான். அதற்கு வீட்டுக் கரண்டு வேண்டும். பஸ் பேட்டரி அதன் பசிக்குப் பத்தாது. அதனால் மேஸ்திரி காண்ட்ராக்ட் எடுக்கும்போது ரேட் பேசுவதற்கு முன்னால் கம்பத்தைப் பார்ப்பார். கம்பி வராத இடத்தில் எவ்வளவு நல்ல வேலை கிடைத்தாலும் வேண்டாம் என்றுவிடுவார். கும்மிடிப்பூண்டியில் ஷெட்டின் மெயின் அறையிலிருந்து ஒரு ஒயர், வேப்பமரக் கிளை மேலாக, பஸ் ஜன்னலுக்குள் வந்தது. அந்த ஒயரில்தான் அக்காவின் உயிர் ஓடியது என்று சொன்னால் மிகையில்லை.

பழவேற்காட்டிலிருந்து மீன் கொண்டுவருகிற தனம் என்று ஒரு அம்மா எங்கள் பக்கம் கூடையோடு வருவார். அக்கா வயதுதான். முதல் நாள் பஸ் படியில் கால் வைத்து, ஈரக்கையால் கம்பியைப் பிடித்தவர் துள்ளிக் கீழே குதித்தார்.

“இன்னாக்கா இது, பஸ்ஸு கடிக்குது?”

“எர்த்து சரியில்ல தனம். செருப்பு போட்டுக்கினு ஏறு.”

“செருப்பு போட்டுக்கினு ஊட்டுக்குள்ள வர்றதா? நல்லாக்கீது ஒங்க ஊடு. நாய் இல்லாத கொறைக்கு ஊடே கடிக்குது.”

அன்றைக்கே மேஸ்திரி மண்ணில் ஒரு கம்பியை அடித்து எர்த் கொடுத்தார். தனம் அதற்கப்புறமும் படியை விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். ஏறினால் இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருப்பார். அவருடைய நாத்தனாருக்கும் சர்க்கரை என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதனால் அக்கா ஊசியைக் கொதிக்க வைப்பது, மருந்து பாட்டிலை உள்ளங்கையில் உருட்டுவது, தொடையில் போட்டுக்கொள்வது எல்லாவற்றையும் கண் எடுக்காமல் பார்ப்பார். “நீங்களே குத்திக்கிறீங்களே... எனக்கு மீன் முள்ளு குத்துனாவே மூணு தெரு கேக்கும்.”

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது.

உங்களுக்குத் தெரியும், அன்றைக்கு மிஷினுக்கு ஓய்வு. கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, படுக்க வைத்துவிடுவோம். மேஸ்திரி எங்கள் கிரேனுக்கும் வெல்டிங் செட்டுக்கும் பூஜை போட்டார். பஸ்ஸுக்குள் போய் ஃப்ரிஜ் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தார்.

“அதுக்கும் லீவா?” என்றார் அக்கா.

“அதுக்கு மட்டும் கெடையாது. அது ஓவர்டைம்.”

சிரித்தோம். அந்தப் பக்கம் ஷெட் எலக்ட்ரீஷியன் தன் பங்குக்கு மெயின் ஸ்விட்சைக் கீழே இழுத்து, அதற்கு மாலை போட்டு, அறையைப் பூட்டி, பூட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு ரயிலேறிவிட்டார். பூஜை, விஜயதசமி, சனி, ஞாயிறு என்று லீவு சேர்ந்தாற்போல் வந்திருந்தது. அவரைக் குறை சொல்ல முடியுமா? யார் வீட்டு மருந்து அந்தக் கம்பியில் தொங்குகிறது என்று அவருக்கு என்ன தெரியும்?

சாயங்காலம் அக்கா ஃப்ரிஜ்ஜைத் திறந்தார். உள்ளே விளக்கு எரியவில்லை.

மேஸ்திரி சுத்தியலோடு மெயின் அறைக்குப் போனார். வாட்ச்மேன் ஓடிவந்து குறுக்கே நின்றார். தடா பக்கத்துத் தெலுங்குக்காரர்.

“ஒத்து மேஸ்திரிகாரு, வேணாம். பூஜை போட்ட பூட்டு. அத்த ஒடச்சி மிஷின எழுப்பினா, நாளைக்கு எவனுக்காச்சும் கை போச்சின்னா என்னியதான் கேப்பாங்க. ஒங்களையும் கேப்பாங்க.”

மேஸ்திரி சுத்தியலைப் பார்த்தார். குங்குமத்தைப் பார்த்தார். அவருக்குக் கீழே வேலை செய்த ஆட்கள் எல்லாரும் தூண் உச்சியில் கயிறு இல்லாமல் நடப்பவர்கள். திரும்பி வந்துவிட்டார்.

மறுநாள் காலை என்னைச் செவ்வாப்பேட்டைக்கு அனுப்பினார். எலக்ட்ரீஷியன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். வீட்டிலும் பூட்டு. மாமியார் ஊருக்குக் குடும்பத்தோடு போயிருந்தார். பஸ்ஸைக் கிளப்பி வேறெங்காவது கரண்டு இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்றால், ஒரே இடத்தில் பல மாதம் நிற்கிறதே என்று சக்கரங்களைக் கழற்றிக் கட்டைமேல் ஏற்றியிருந்தோம். புரட்டாசி வெயில் அந்த வருஷம் சித்திரை மாதிரி அடித்தது. பஸ் தகரம் தோசைக்கல்லாகக் காய்ந்தது.

நான் வெறுங்கையோடு திரும்பியபோது தனம் படியில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்தார்.

“இதுக்குத்தான் ஒக்காந்து அழுவுறீங்களா? ஐஸு தானே? எறாவ மெட்ராஸுக்கு எப்பிடி அனுப்புறோம்னு நெனச்சீங்க?”

அடுத்த பஸ்ஸில் போய், சாயங்காலத்துக்குள் திரும்பி வந்தார். மூங்கில் கூடையில் உமி, உமிக்குள் கோணி, கோணிக்குள் ஐஸ்பாளம். இடுப்பில் ஒரு முடிச்சில் கல் உப்பு. வியாபாரத்துக்கு வைத்திருந்ததைக் கொண்டுவந்திருந்தார். ஓடாத ஃப்ரிஜ்ஜின் அடித்தட்டில் கோணி விரித்து, ஐஸை உடைத்துக் கொட்டி, உப்பைத் தூவிப் புரட்டி, நடுவில் குழி பறித்து, மருந்து பாட்டில்களை உள்ளே படுக்கவைத்து மூடினார். பார்க்க அழகாக இருந்தது. அந்தக் கைகளுக்கு அது அத்தனை பழக்கம்.

“உப்பு எதுக்கு தனம்?” என்றார் அக்கா.

“உப்பு போட்டாத்தான் ஐஸுக்கு வெறி ஏறும். வெறும் ஐஸு ஈரம். உப்பு போட்ட ஐஸுல எறா கல்லு மாறி ஆயிடும். கல்லு மாறி ஆனா கெடாதுக்கா.”

கெடாது. அந்த ஒரு வார்த்தைதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. மேஸ்திரி கைகூப்பினார். தனம் வெட்கப்பட்டு, “இன்னாண்ணா நீங்க, டப்பு குடுத்தா வாங்கிக்கப் போறேன், இதுக்குப் போயி கும்புடறீங்க” என்றார். காசு வாங்கவில்லை.

மறுநாள் பாட்டிலை எடுத்தபோது மருந்து நிஜமாகவே கல்லாக இருந்தது. எங்கள் எல்லாருக்கும் அப்படி ஒரு நிம்மதி. அக்கா அதை உள்ளங்கையில் வைத்து உருகவிட்டார். வழக்கமாகப் பால் கலந்த தண்ணீர்போல இருக்கிற மருந்து.

“கொஞ்சம் திரிதிரியா கீது, பாருங்க” என்றார்.

“குளுருக்கு அப்பிடித்தான் இருக்கும். நல்லா உருட்டு” என்றார் மேஸ்திரி.

உருட்டினார். போட்டுக்கொண்டார்.

லீவு முடிந்தது. எலக்ட்ரீஷியன் வந்தார், பூட்டு திறந்தது, ஃப்ரிஜ் ஒரு குலுங்கு குலுங்கி ஓட ஆரம்பித்தது. ஆபத்து தாண்டிவிட்டது என்று நினைத்தோம். பாட்டில்கள் பழையபடி முட்டை வைக்கிற குழிகளுக்குப் போயின.

அக்காவுக்குத் தாகம் எடுத்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். வெயில் என்றார்கள். வாந்தி வந்தது. காய்ச்சல் என்று ஊரில் மாத்திரை கொடுத்தார்கள். ஊசியைத்தான் ஒரு வேளை தவறாமல் போட்டுக்கொண்டிருந்தாரே, சர்க்கரை என்று யாருக்குத் தோன்றும்? ஒரு மத்தியானம் வாயைத் திறந்து இழுத்து இழுத்து மூச்சுவிட்டார். பழுத்த பழம்போல ஒரு வாசனை வந்தது. இரும்பு ஏற்றி வந்த லாரியிலேயே படுக்கவைத்து மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இருந்த டாக்டர் வயதில் சின்னவர். மருந்து பாட்டிலைக் கேட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகத் துகள் ஒட்டியிருந்தது.

“இதை உறைய வெச்சீங்களா?”

“ஐஸ்ல வெச்சோம் சார். உப்பு போட்டு. கெடாம இருக்க.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “ஜில்லுன்னு இருந்தாப் போதும்யா. உறையக் கூடாது. உறைஞ்சா செத்த மருந்து” என்றார் மெதுவாக. “வெளியிலேயே ஒரு மூலையில வெச்சிருந்தாக்கூட அந்த நாலு நாளைக்குத் தாங்கியிருக்கும்.”

அக்கா கண் திறக்கவில்லை. அடுத்த நாள் காலையில் போய்விட்டார்.

தெரியாததால் வருகிற கெடுதல் ஒரு வகை. எங்களுக்கு வந்தது வேறு. மீனைக் காப்பாற்றத் தெரிந்தவர், தனக்குத் தெரிந்ததை முழு மனசோடு கொண்டுவந்து கொட்டினார். இதில் யாரைக் கோபித்துக்கொள்வது?

காரியம் முடிந்து நாங்கள் பஸ்ஸுக்குத் திரும்பினோம். மருந்து கெட்டு அக்கா போய்விட்டார் என்று தனத்துக்கு அன்றைக்கு விடியற்காலையில்தான் சேதி எட்டியிருந்தது. ஓடிவந்தார். கூடையைப் படியில் வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஐஸு பத்தலியா மேஸ்திரிண்ணா? இன்னொரு பாளம் இருந்திச்சி. பஸ்ஸுல ஏத்த மாட்டேன்னான் கண்டக்டரு. அவன் கால்ல உழுந்தாச்சும் எடுத்தாந்திருக்கணும். எங்கக்காவ நானே உட்டுட்டேனே.”

மேஸ்திரி என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயைத் திறக்காதே என்று அர்த்தம்.

“நீ கொண்டாந்த ஐஸு போதும் தனம். மருந்தே பழசு. வாங்குனப்பவே கெட்டது போல. ஒம்மேல ஒண்ணுமில்ல.”

நல்ல மனுஷன். அந்தப் பொய்யோடு அது முடிந்திருந்தால், நான்கூட நிம்மதியாக இருந்திருப்பேன்.

தனம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எங்க நாத்தனாருக்கும் மாத்திர கேக்கலன்னு இந்த ஊசியே எழுதிட்டாங்கண்ணா. முந்தாநேத்துதான். எங்கூர்ல கரண்டு பொட்டிக்கு எங்க போறது? இன்னிக்கிக் காலையிலதான் ஐஸுல வெச்சிட்டு வந்தேன். அக்காவுக்கு ஆன மாறி ஆவக்கூடாதுன்னு இந்த வாட்டி உப்பு ரெண்டு பங்கு...”

எங்கள் தலைக்குமேல் தகரக் கூரை வெயிலில் டக் டக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பின்னால் ஃப்ரிஜ் ஓடிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி தரையைப் பார்த்துச் சொன்னார்: “தனம்... உப்பு போடாத.”

“இன்னாதுண்ணா?”

“ஐஸு வேணா பக்கத்துல வெச்சுக்க. துணி சுத்தி வெய்யி. உப்பு மட்டும் போடாத. மருந்து கல்லாவக் கூடாது. கல்லான மருந்து வெறும் தண்ணி. இப்ப வெச்சதத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கச் சொல்லு.”

தனம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதிலேயே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

“அப்ப எங்கக்காவ...”

“பொன்னேரி பஸ்ஸு வர நேரம். போ. ஒன் நாத்தனாரு ராத்திரி ஊசி போட்டுக்கறதுக்குள்ள போயிடு.”

அழக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. ஓடினார். வேப்பமரம் தாண்டி, ரயில்வே கேட் பக்கமாக, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. மீன் கூடை படியிலேயே கிடந்தது.

நாத்தனார் பிழைத்துக்கொண்டார். மருந்தை மாற்றிவிட்டார்கள், நன்றாக இருக்கிறார் என்று வேறொரு மீன்கார அம்மாளிடம் சேதி வந்தது. கூடையையும் அந்த அம்மாளே எடுத்துக்கொண்டு போனார். தனம் எங்கள் பக்கம் மறுபடி வரவே இல்லை.

மேஸ்திரி ஃப்ரிஜ்ஜின் பிளக்கைப் பிடுங்கினார். உள்ளே இருந்ததை எடுத்துப் போட்டுவிட்டு, கதவை அகலத் திறந்து ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தார். “மூடி வெச்சா நாத்தம் புடிச்சிக்கும்” என்றார், என்னிடம் வேலை சொல்கிற அதே குரலில். பிறகு ஜன்னல் வழியாக வருகிற ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

“இனிமே கம்பி பாத்து ஊரு தேட வேணாம் நைனா. எங்க வேணா போலாம்.” சுருளைக் கட்டி வைத்துவிட்டு, “போவத்தான் புடிக்கல.”

காண்ட்ராக்டை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டார். நீ சின்னப் பையன், இங்கே இருக்காதே என்றார். நான் கிளம்பிவிட்டேன். இருந்திருக்கலாமோ என்று பிற்பாடு தோன்றியது. ஆனால் அந்தத் திறந்த கதவுக்கு எதிரே படுத்துத் தூங்க என்னால் முடியவில்லை. அப்படித்தான் அன்றைக்கு ஊத்துக்கோட்டைப் பாதையில் நடந்தேன். வழியில் ஒரு பம்ப்செட் ரூம் திண்டில் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஒரு செங்கல் சூளை தெரிந்தது. ஆள் வேண்டுமா என்று கேட்டேன். சூளை மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இதுக்கு மின்ன இன்னா வேல?”

“இரும்பு வேல.”

“இங்க வெந்த கல்லு சொமக்கணும். கீழ போட்டா ஒடஞ்சிரும். பாத்து.”

“வெச்சிருந்தா கெடாதில்லண்ணா?”

நான் ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். “செங்கல்லு எங்கியாச்சும் கெடுமாய்யா?”

சரி என்று துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டேன்.